எதிர் வீட்டு ஒடிசாக்காரருக்கு ஏழு வாரச் சம்பளம் நிற்கிறது: இலவச வக்கீல் நிஜமாகவே கிடைப்பாரா?

கடைசி லைன்வீடு | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு காம்பவுண்டில் ஒன்பது லைன் வீடு. எங்களுடையது கடைசி. நான் வீட்டிலிருந்தே பனியன் துணிக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். எதிர் வீட்டில் ஒடிசா ராயகடா பக்கத்துக் குடும்பம், புருஷன், பொண்டாட்டி, ஏழு வயசில் ஒரு பெண் குழந்தை. அவர் ஓவர்லாக் டெய்லர். காண்ட்ராக்டர் ஒருத்தர் மூலமாகத்தான் கம்பெனியில் வேலை.

ஏழு வாரமாகச் சனிக்கிழமை சம்பளம் இல்லை. வாரத்துக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் செலவுக்குக் கொடுத்து, ‘பார்ட்டி பணம் வரட்டும்’ என்றே ஓட்டியிருக்கிறார் காண்ட்ராக்டர். போன திங்கள்கிழமையிலிருந்து போன் சுவிட்ச் ஆஃப். கம்பெனியில் போய்க் கேட்டால், ‘நாங்கள் காண்ட்ராக்டருக்குக் கொடுத்துவிட்டோம், அவரைப் பிடி’ என்கிறார்கள். டெய்லரின் பொண்டாட்டி நேற்று என்னிடம் வந்து கொலுசைக் காட்டி, எந்தக் கடையில் அடகு வைக்கலாம் என்று சைகையிலேயே கேட்டாள். எனக்கு மனசே சரியில்லை.

கோர்ட்டில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வெளி மாநிலத்துக்காரருக்கும் உண்டா? ரேஷன் கார்டு கேட்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உடுமலைத் தம்பி | ஞாயிறு, இரவு 10.15

அக்கா, பேரில்தான் இலவசம். என் அக்காவின் ஜீவனாம்ச கேசுக்கு அப்படித்தான் ஒரு வக்கீல் போட்டார்கள். இரண்டு வாய்தாவுக்கு வந்தார், மூன்றாவது வாய்தாவுக்கு முன்னால் ‘செலவுக்கு மூவாயிரம்’ என்றார். உள்ளூர்க்காரர்களுக்கே இந்த லட்சணம் என்றால் ஒடிசாக்காரருக்கு என்ன கிடைக்கும்? கம்பெனி வாசலில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால்தான் காசு வரும்.

---

நாலாவது வாய்தா | ஞாயிறு, இரவு 11.02

நான் இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பேனலில், அதாவது அவர்களுடைய வக்கீல் பட்டியலில், இருக்கும் வக்கீல். எந்த ஊர் என்பது வேண்டாம். முதலில் அக்காவுக்குப் பதில்.

கிடைக்கும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-வது பிரிவில் யார் யாருக்கு இலவச உதவி என்று பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், அப்புறம் தொழிலாளி. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்வியும் கிடையாது. ரேஷன் கார்டு வேண்டாம். மனுவை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அங்கேயே எழுதி, படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும்.

போக வேண்டிய இடம் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம். நீதிபதி ஒருவர்தான் அங்கே செயலாளர். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள், கட்டணம் இல்லை.

இனி கம்பெனி சொல்லும் ‘காண்ட்ராக்டரைப் பிடி’ கதை. செல்லாது. காண்ட்ராக்டர் கொடுக்கவில்லை என்றால் வேலை வாங்கிய நிறுவனம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அவரிடம் வசூல் செய்துகொள்வது அவர்கள் பாடு. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இது இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் சம்பளப் பாக்கிக்கு ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், புதியதில் மூன்று வருஷம். அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஆள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டால் பாதி கேஸ் அங்கேயே முடிந்தது.

ஒரே ஒரு கேள்விதான். ஏழு வாரம் வேலை செய்தார் என்பதற்கு என்ன இருக்கிறது? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எண், ஐ.டி. கார்டு, ஜிபே வரவு, வாய்ஸ் மெசேஜ், எதுவானாலும் சரி.

உடுமலைத் தம்பி, உங்களுக்குத் தனியாக வருகிறேன். அந்த மூவாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

---

பவர்டேபிள்காரன் | திங்கள், காலை 7.20

நானும் பன்னிரண்டு மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவன். எல்லோரும் முதலாளியைத் திருடன் மாதிரிப் பேசுவதால் எழுதுகிறேன். எனக்குத் துணி கொடுக்கும் கம்பெனி மூன்று மாதம் கழித்துத்தான் பில் பாஸ் பண்ணும். நான் சனிக்கிழமையானால் சம்பளம் போட வேண்டும். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வராமல் எனக்கே நாற்பதாயிரம் போயிருக்கிறது. அதற்கு எந்த ஆணைக்குழுவில் இலவச வக்கீல் தருவார்கள்?

ஆனால் ஏழு வாரம் தப்புங்க. இரண்டு வாரம் தள்ளினாலே எனக்கு ராத்திரி தூக்கம் வராது. காண்ட்ராக்டர் ஓடிவிட்டார் என்றால் அந்தக் கம்பெனிக்காரர் பாதியையாவது முன்னால் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

---

நாலாவது வாய்தா | திங்கள், காலை 8.05

பாதி இல்லை, அண்ணா, முழுசும். உங்கள் நாற்பதாயிரத்துக்குக் காசு கட்டித்தான் கேஸ் போட வேண்டும். ஆனால் வழக்குக்கு முன்னாலேயே சமரசம் பேச வேண்டுமென்றால் அதே அலுவலகத்தில் நீங்களும் மனு கொடுக்கலாம். முதலாளி கொடுத்தால் வாங்கமாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை.

---

கடைசி லைன்வீடு | திங்கள், மதியம் 2.30

வக்கீல் தம்பிக்கு ரொம்ப நன்றி. ஐ.டி. கார்டு இல்லை. பி.எஃப். பிடித்த மாதிரியும் தெரியவில்லை. கையில் காசாகத்தான் வாங்கியிருக்கிறார். இந்தி தெரிந்த ஒரு செக்கிங் பையனைக் கூட்டி வந்து கேட்கச் சொன்னேன். அந்த மனுஷன் உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார், மளிகைக் கடையில் கொடுத்தது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் கோடு. முழுக் கோடு என்றால் ஒரு ஷிப்ட், பக்கத்தில் குட்டைக் கோடு இருந்தால் அரை ஷிப்ட். செலவுக்கு வாங்கிய ஆயிரத்துக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு வட்டம். முடிந்த மாதத்துத் தாளைக்கூடக் கிழித்துப் போடாமல் பின்பக்கமாக மடக்கி வைத்திருக்கிறார்.

இதெல்லாம் கோர்ட்டில் செல்லுமா? இந்தக் காலண்டரில் போன வாரம் என் பையன் பட்டம் விடக் கேட்டான், நல்லவேளை.

---

நாலாவது வாய்தா | திங்கள், மாலை 6.48

அக்கா, பையனைத் தொடவிடாதீர்கள்! அந்தத் தாள் தங்கம். தினம் தினம் அந்தந்த நாளில் குறித்த கணக்கை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. வருகைப் பதிவேடு வைப்பது நிறுவனத்தின் கடமை. ‘இவர் கணக்கு பொய் என்றால் உங்கள் பதிவேட்டைக் காட்டுங்கள்’ என்று கேட்கலாம். இல்லாத பதிவேட்டை எங்கிருந்து காட்டுவார்கள்?

செய்ய வேண்டியது: இரண்டு தாளையும் போட்டோ எடுங்கள். அசலில் புதிதாக ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். காண்ட்ராக்டர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், போனை மாற்றவும் வேண்டாம். கோடுகளை எண்ணி இங்கே போடுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன். ஷிப்ட் சம்பளம் எவ்வளவு?

---

கடைசி லைன்வீடு | திங்கள், இரவு 8.10

ஷிப்டுக்கு 600. மொத்தம் 42 நாள் வேலை. அதில் 31 நாள் ஒன்றரை ஷிப்ட், 11 நாள் ஒரு ஷிப்ட். இரண்டு தடவை எண்ணினோம். அந்தச் சின்னக் குட்டியும் கூடவே ஒடியாவில் எண்ணினாள்.

---

நாலாவது வாய்தா | திங்கள், இரவு 8.55

சரி. ஐம்பத்தேழரை ஷிப்ட், 34,500 ரூபாய். வாங்கிய ஏழாயிரம் போக 27,500. அவர்கள் கணக்குப்படி இவ்வளவு.

சட்டக் கணக்கு வேறு. எட்டு மணி நேரத்துக்கு 600 என்றால் மணிக்கு 75. அரை ஷிப்ட் என்பது நாலு மணி நேர ஓவர்டைம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அதாவது நாலு மணிக்கு 600. ஊரில் எல்லோரும் 300-தான் போடுகிறார்கள், பழகிப்போய்விட்டது. விட்டுப்போன அந்த 300-ஐ 31 நாளுக்குப் பெருக்குங்கள், 9,300. ஆக மனுவில் 36,800 என்று எழுதச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தையில் இறங்கி வருவதற்காவது மேலே கொஞ்சம் இடம் வேண்டாமா?

---

பவர்டேபிள்காரன் | திங்கள், இரவு 9.12

இப்படி எல்லோரும் இரட்டைச் சம்பளம் கேட்க ஆரம்பித்தால் நான் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். சட்டம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். ரேட் அப்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | செவ்வாய், காலை 6.30

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். நான் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஆறு வருஷமாகச் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். பி.எல்.வி. என்பார்கள். வக்கீல் இல்லை. வக்கீல் இருக்கும் அறை எது என்று காட்டுகிற ஆள், அவ்வளவுதான்.

உடுமலைத் தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. நான் முதலில் போன சட்ட விழிப்புணர்வு முகாம் இன்னும் நினைவிருக்கிறது. மேடையில் பொன்னாடை, வரவேற்புரை, நாலு பேச்சு, ஒரு டீ, ஒரு பிஸ்கட். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பீகார்ப் பையன்கள், கையில் கொடுத்த நோட்டீஸ் முழுக்கத் தமிழ். ஒரு பையன் அதை மடித்து விசிறிக்கொண்டிருந்தான். குற்றம் அவனுடையது இல்லையே.

2023 மார்ச்சில், இங்கே வடமாநிலத்தவரைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவியதே, அப்போது ஸ்டேஷனில் மூட்டையோடு நின்றவர்களைப் பார்த்தேன். இந்த ஊரில் யாரைக் கேட்டால் உண்மை தெரியும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு போன் நம்பர்கூட இல்லை அவர்களிடம். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேர் மேடையை விட்டுவிட்டோம். ஞாயிறு சாயங்காலம் காம்பவுண்டுகளுக்கே போகிறோம். இந்தியும் ஒடியாவும் தெரிந்த டெய்லர் ஒருவர் கூட வருவார். ஆளுக்கு ஒரு பாக்கெட் நோட்டு. தேதி, ஷிப்ட், வாங்கிய காசு, கொடுத்தவர் பெயர். முதல் மாதம் இதைத் தவிர வேறு எதையும் சொல்லித் தருவதில்லை. சட்டப் பிரிவெல்லாம் அப்புறம்தான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்பது இரண்டாவது பாடம். ஆதாரின் அசலை யாரிடமும் கொடுத்து வைக்காதே என்பது மூன்றாவது.

இந்த வகுப்புக்கு உள்ளூர்ப் பெண்கள்தான் இப்போது அதிகம் வருகிறார்கள். ஒடிசாக்காரருக்குச் சொல்வதை ஓரமாக நின்று கேட்டுவிட்டு, ‘டீச்சர், எங்க ஊட்டுக்காரர் பாண்டு பத்திரத்துல என் கையெழுத்து வாங்கியிருக்கார்’ என்று மெல்ல ஆரம்பிப்பார்கள்.

லைன்வீட்டுத் தங்கச்சி, தனிச் செய்தியில் என் எண் அனுப்பியிருக்கிறேன். வியாழன் காலை கூட வருகிறேன். இன்னொன்று, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா?

---

கடைசி லைன்வீடு | செவ்வாய், காலை 9.00

இல்லை டீச்சர். டி.சி. ஊரில் இருக்கிறதாம். அது இல்லாமல் சேர்க்கமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | செவ்வாய், காலை 9.25

யார் சொன்னாலும் தப்பு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. இல்லை, பிறந்த தேதிச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. வயசுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். நாளைக்கே அரசு தொடக்கப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். எட்டரை மணிக்குள் போனால் காலை உணவும் கிடைக்கும். மொழி வராமல் அழுத எத்தனையோ குழந்தைகளை அந்தப் பொங்கலும் சாம்பாரும்தான் முதல் வாரம் வகுப்பில் உட்கார வைத்தன. அதை நான் கண்ணால் பார்த்தவள்.

அவர்களுடைய ஒடிசா ரேஷன் கார்டில் ஆதார் இணைந்திருந்தால் இங்கேயே கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

---

நாலாவது வாய்தா | செவ்வாய், இரவு 10.40

உடுமலைத் தம்பிக்கு, சொன்னபடி.

பேனல் வக்கீல் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. கோர்ட் கட்டணம், டைப்பிங், மொழிபெயர்ப்பு எல்லாமே ஆணைக்குழுவின் செலவு. எங்களுக்குக் கிடைக்கும் ஊதியம் குறைவு, அதுவும் தாமதமாக வரும், உண்மைதான். அதைக் கட்சிக்காரர் தலையில் கட்டுவது அயோக்கியத்தனம். நடந்ததைத் தேதியோடு எழுதிச் செயலாளரிடம் கொடுத்து, வேறு வக்கீல் கேளுங்கள். மாற்றித் தருவார்கள். உங்களுக்குத் திருப்பூர் வரை அலைச்சல் வேண்டாம், உடுமலை கோர்ட்டிலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது.

கேஸ் எந்த ஊரில் ஓடுகிறது? புருஷன் ஊரிலா?

---

உடுமலைத் தம்பி | புதன், காலை 7.15

கேஸ் இங்கேதான் சார். மாமா மதுரையில் இருக்கிறார். அங்கே வந்து நடத்து என்று மிரட்டுகிறார்.

---

நாலாவது வாய்தா | புதன், காலை 7.40

மிரட்டட்டும். ஜீவனாம்சம் மனைவி குடியிருக்கும் இடத்திலேயே கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்த புதுச் சட்டத்தில் 144. குடும்ப வன்முறைச் சட்டத்தில் இன்னும் தாராளம், பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரில்கூட மனு போடலாம். எதிர் வீட்டு ஒடிசாப் பெண்ணுக்கு அப்படி ஒரு நிலைமை வந்தால் திருப்பூர் கோர்ட்டே போதும், ராயகடாவுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

---

சேலத்து மாம்பழம் | புதன், மதியம் 1.05

எல்லோரும் நல்லதாகச் சொல்கிறீர்கள், நான் ஒரு கசப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் விபத்து கேஸ், சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) வந்தது. இன்சூரன்ஸ் தரப்பு ஒரு தொகை சொன்னது, எங்கள் வக்கீலும் ‘வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இன்னும் அஞ்சு வருஷம்’ என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டோம். பிறகு அப்பாவின் காலுக்கு இன்னொரு ஆபரேஷன். மேல்முறையீடு செய்யலாம் என்று போனால், மக்கள் நீதிமன்ற உத்தரவுக்கு அப்பீலே கிடையாது என்றார்கள். அதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

---

நாலாவது வாய்தா | புதன், மாலை 5.30

சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அவசரத்தில் விழுங்கிவிடும் விஷயம் இது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும், உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் இல்லை. மோசடி மாதிரிக் காரணம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போகலாம், தொகை குறைவு என்பதற்காகப் போக முடியாது. சிகிச்சை முடியாத கேஸில் அவசரப்படவே கூடாது. பிடிக்கவில்லை என்றால் ‘முடியாது’ என்று எழுந்து வந்துவிடலாம், கேஸ் பழைய கோர்ட்டிலேயே தொடரும். உங்கள் விஷயத்தில் வருந்துகிறேன்.

ஒடிசாக்காரருக்கு இதே கதவு சாதகம். சம்பளப் பாக்கி நின்று போன கணக்கு, இனிமேல் கூடப் போவதில்லை. தவணைக்கு ஒத்துக்கொண்டாலும் அதை மக்கள் நீதிமன்ற உத்தரவாக்கச் சொல்லுங்கள், வெறும் கடிதம் வேண்டாம். தவணை தவறினால் நேராக நிறைவேற்று மனு போடலாம்.

---

கடைசி லைன்வீடு | வியாழன், இரவு 7.50

போய் வந்தோம். டீச்சர் பத்து மணிக்கே வந்து நின்றார். மனுஷன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, காலண்டரைச் சுருட்டி முண்டாசுத் துணியில் கட்டிக் கொண்டு வந்தார். உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டார். டீச்சர் போட்டுக்கொள்ளச் சொன்னார், மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்.

செயலாளர் அம்மா காலண்டரை மேஜையில் விரித்து, நாலு மூலையிலும் பேப்பர் வெயிட்டும் ஸ்டாம்ப் பேடும் வைத்துப் பார்த்தார். இடையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அது என்ன என்று கேட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை என்றார். அந்த ஒரு பதிலிலேயே கணக்கு உண்மைதான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும் போல. அதற்கப்புறம் குறுக்குக் கேள்வி இல்லை. கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் நோட்டீஸ் போகிறது. பத்து நாளில் பேச்சுவார்த்தை. கொலுசு இன்னும் அவள் காலில்தான் இருக்கிறது. அரிசி நான் கொடுத்தேன்.

---

கடைசி லைன்வீடு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.10

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆர்டர் நெருக்கடி.

காண்ட்ராக்டர் வரவில்லை. கம்பெனி மேனேஜர் வந்தார். முதலில் ‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்றார். வருகைப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள் என்றதும் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். 15,000-ல் ஆரம்பித்து 32,000-ல் முடிந்தது. 20,000 அன்றைக்கே அவர் பொண்டாட்டி கணக்கில் ஏறியது, மீதி 12,000 பதினைந்து நாளில். வக்கீல் தம்பி சொன்ன மாதிரி உத்தரவாக எழுதி வாங்கிவிட்டோம். ஒடியாவில் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு. இரண்டாவது தவணை நேற்று வந்துவிட்டது.

36,800-க்கு 4,800 குறைவு என்று டீச்சருக்கு வருத்தம். எனக்கும்தான். அவர் கேட்கவில்லை. வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார், இந்தத் தடவை நேரடியாக.

---

பவர்டேபிள்காரன் | ஞாயிறு, மாலை 6.00

சந்தோஷம்ங்க. டீச்சரம்மா, அந்தப் பாக்கெட் நோட்டு எங்கே வாங்குகிறீர்கள்? என் யூனிட்டில் பதினாலு பேர். அட்வான்ஸ் கணக்கையும் அதிலேயே எழுதி அவர்களிடமே கையெழுத்து வாங்கிவிட்டால் எனக்கும் நல்லதுதானே.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | ஞாயிறு, மாலை 6.45

ஸ்டேஷனரிக் கடையில் மொத்தமாக வாங்குகிறோம் தம்பி. உங்களுக்கு எடுத்து வைக்கிறேன். நோட்டு அவர்களிடம்தான் இருக்க வேண்டும், உங்கள் மேஜை டிராயரில் இல்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

உடுமலைத் தம்பி | ஞாயிறு, இரவு 8.30

எங்களுக்கும் வக்கீலை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு அம்மா. காசு கேட்கவில்லை, இதுவரைக்கும். வருகிற 17-ஆம் தேதி வாய்தா. கல்யாண போட்டோ, பாப்பாவின் பிறப்புச் சான்று எடுத்து வைத்திருக்கிறோம். வேறு என்ன வேண்டும்?

---

ஓய்வுபெற்ற டீச்சர் | ஞாயிறு, இரவு 8.52

கல்யாணப் பத்திரிகை இருந்தால் அதையும் தேடி எடுங்கள். மாமாவின் சம்பளத்துக்கு எதாவது தாள் கிடைக்குமா என்று பாருங்கள், பேங்க் மெசேஜ்கூடப் போதும். அப்புறம் அக்காவைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கூப்பிட மதியம் ஆகிவிடும்.